இறக்கம்: பகலில்

அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் லிஃப்ட்காரரின் பெயர் தெரியாது. ‘அடுத்த வாரம்’ என்றால் தெரியும். ஏழாம் மாடியில் கதவு முனகுகிறது என்று சொன்னால், வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, “அடுத்த வாரம் பாத்துரலாம்” என்பார். பொத்தான் ஒட்டிக்கொள்கிறது, விளக்கு மினுக்குகிறது, மின்விசிறி சுற்றவில்லை, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அதற்காக அவரைச் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருபத்தொன்பது வருடத்தில் அவருடைய லிஃப்டில் ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. கம்பிக் கயிற்றில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தால் போதும், லிஃப்டை நிறுத்திவிடுவார். கட்டடத்து முதலாளியே வந்து குதித்தாலும் அசையமாட்டார். முழுத் திருப்தி வராமல் எதையும் ஓட்டக்கூடாது என்பது அவர் கட்சி. லிஃப்டுக்கு அது நல்ல கட்சிதான். கட்டிய மனைவியிடமும் அதே கட்சியை நடத்தினார் என்பதுதான் கோளாறு.

மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை. அதன் கதவைத் திறந்துவைத்தால், வானம் தெளிந்த நாளில், வடக்கே அந்த மலை தெரியும். நேரில் பார்க்காதவர்களுக்கும் அந்த மலையைத் தெரியும். காலண்டரில் இருக்கும், பிஸ்கட் டப்பா மூடியில் இருக்கும், பள்ளிக்கூட நோட்டு அட்டையில் இருக்கும். சாயங்காலம் ஏறத் தொடங்கி, இரவெல்லாம் நடந்து, உச்சியில் நின்று சூரியன் வருவதைப் பார்ப்பது எல்லோரும் ஒருமுறையாவது செய்துவிடப்போவதாகச் சொல்லிக்கொள்ளும் காரியம். கல்யாணமான புதிதில் மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, அந்தக் கதவருகே நின்று மலையைப் பார்த்துவிட்டு, “ஒருநாள் அங்க போய் நிக்கணுங்க” என்றாள்.

“அடுத்த வருஷம் போவோம்” என்றார் இவர்.

“சரி” என்றாள்.

அந்த ‘அடுத்த வருஷம்’ இருபத்தேழு தடவை வந்து போனது. ஒரு வருடம் மகள் பிறந்தாள். ஒரு வருடம் கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வந்தது. மகளின் பள்ளிக்கூடம், மகளின் கல்யாணம், நடுவில் இவருக்கு ஒரு முட்டி வலி. சாக்கு என்று ஒன்றைச் சொல்லிவிட முடியாது, எல்லாமே நியாயமான காரணம்தான். அவளும் முகம் சுளித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் “சரி” என்றாள்.

அவள் சட்டை தைக்கும் பட்டறையில் பொத்தான் துளை போடும் மெஷினில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். ஒரு நாளைக்கு எத்தனை துளை என்று அவளைக் கேட்டால், “நீங்க போட்டிருக்கற சட்டையில ஏழு. இந்த ஊர்ல பாதிப் பேர் நெஞ்சுல நான்தான் ஓட்டை போட்டிருக்கேன்” என்பாள். அப்படி வாய்த்துடுக்கு உள்ளவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சாயங்கால நேரங்களில் நாற்காலியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு பக்கத்து மெஷின்காரி நீட்டிய கத்தரிக்கோலைக் கவனிக்காமல் கையைக் கிழித்துக்கொண்டாள். பிறகு துளைகள் கோடு தவறி விழுந்தன. சூப்பர்வைசர் சட்டைகளைக் கட்டாகத் திருப்பிக்கொண்டுவந்து மேஜையில் போட்ட அன்றைக்கு, அவள் மெஷினை எண்ணெய் போட்டுத் துடைத்து, உறையை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். நீட்டி முழக்காமல், மருந்துச் சீட்டைக் குழாய் மாதிரி சுருட்டி லிஃப்ட்காரரிடம் கொடுத்து, “இதுக்குள்ள பாருங்க” என்றார். பார்த்தார். டாக்டரின் மூக்கு தெரிந்தது. வாய் தெரியவில்லை.

“அவங்களுக்குப் பகல்ல தெரியறது அவ்வளவுதான். இருட்டினா அதுவும் கிடையாது. ஓரத்துலேருந்து காஞ்சுகிட்டே வருது.”

“மருந்து?”

“நிறுத்த மருந்து இல்லை. நடுவுல இருக்கற அந்த வட்டம் ஒரு வருஷம் நிக்கலாம், மூணு மாசம்கூட நிக்கலாம். எனக்கே தெரியாது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வந்தாயிற்று. அப்புறம், “மலைக்குப் போலாங்க” என்றாள். அவ்வளவுதான். ‘இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருந்தேனே’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். சேர்க்கவில்லை. லிஃப்ட்காரரின் நாக்கு நுனிவரைக்கும் ‘அடுத்த’ வந்துவிட்டது. அதை விழுங்கினார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாளே மோட்டார் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு பெரிய தாளை ஒட்டித் திட்டம் போட ஆரம்பித்தார்.

முதல் முடிவு, சீசனுக்கு முன்னால் போய்விடுவது. பனிக்காலத்தில் மூடிவைக்கும் மலையை முறைப்படி திறக்க இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. டாக்டர் சொன்ன மூன்று மாதம் அதற்குள் முடிந்துவிடும். அதுவுமில்லாமல், சீசனில் அங்கே ஜனம் நெரியும். மேலே கடைசிப் பங்கில் பாதை ஒரு கதவு அகலம்தான். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக ஏறுவார்கள். நின்றால் பின்னாலிருப்பவன் இடிப்பான். கண் தெரியாதவளை அந்தத் தள்ளுமுள்ளில் எப்படிக் கொண்டுபோவது? திறப்பதற்கு ஏழு வாரம் முன்னால் போனால் பனி விலகியிருக்கும், பாதை காலியாக இருக்கும். ஆனால் வழியில் உள்ள தங்கும் குடில்கள் பூட்டியிருக்கும், குடிக்கத் தண்ணீர்கூடத் தோளில்தான் வர வேண்டும். ‘எது நடந்தாலும் எங்கள் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மலை அலுவலகத்தில் அனுமதித் தாள் தருவார்கள். அதை வாங்க மூன்று தடவை நடந்தார். தேதி போட்டு, முத்திரை குத்தி வாங்கிவிட்டார்.

இரண்டாவது, துணைக்கு ஆள்: அவளுடைய தம்பி. வேன் ஓட்டுபவன். ஆள் கதவுமாதிரி இருப்பான், கோபமும் அதற்கேற்ற சைஸில் வரும். “மச்சான், நீங்க ஒரு தேதியைச் சொல்லி நான் பாத்ததே இல்லை. அதுக்காகவே வரேன்” என்றான். வேனில் மலையடிவாரம் வரை கொண்டுபோவதும், தண்ணீர், ரொட்டி, அவித்த முட்டை, ஃப்ளாஸ்க், கம்பளி எல்லாவற்றையும் சுமப்பதும் அவன் பொறுப்பு.

மூன்றாவதுதான் கணக்கு. அடிவாரத்திலிருந்து உச்சி ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். கட்டடம் ஐம்பத்தொன்பது மீட்டர். அப்படியானால் மலை என்பது இந்தக் கட்டடத்தை இருபத்திரண்டு தடவை ஏறுவது. மாடிக்கு இருபத்திரண்டு படி, பதினெட்டு மாடிக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. ஒரு தடவைக்குப் பதினெட்டு நிமிடம். இடையில் ஓய்வு, காற்று, மேலே போகப்போக மூச்சு வாங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து மணி நேரம். சாயங்காலம் ஏழுக்கு முதல் படி, விடிகாலை ஐந்துக்கு உச்சி, ஐந்து இருபதுக்குச் சூரியன். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும், எங்கே ஸ்வெட்டர், எங்கே ஃப்ளாஸ்க் என்று அந்தத் தாளில் முப்பத்தொரு வரி எழுதினார். முப்பத்திரண்டாவது வரியில், ‘இறக்கம்: பகலில்’ என்று எழுதிக் கோடு போட்டு முடித்தார். இரவில்தானே அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடத்தில் காவலாளியைத் தவிர ஆள் இருக்காது. அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவசர வழிப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்துவிட்டால் மலை இருட்டுதான். கருவிகள் மாட்டும் தோல் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்பக்க வளையத்தில் ஒரு வார் கோத்து அவள் கையில் கொடுத்தார். பன்னிரண்டாம் மாடிக்கு மேல் படிகளில் செங்கல் துண்டு, பழைய மிதியடி, மரக்கட்டை என்று கண்டதையும் போட்டுவைத்தார். மலையின் மேல்பங்கு வெறும் கல்லும் கரடும் என்று கேள்விப்பட்டிருந்தார். காவலாளி தலையில் அடித்துக்கொண்டான்.

இருட்டில் முதல் நாள் செங்கல்லில் இடறி விழுந்தது இவர்தான். அவள் விழவில்லை. வாரைப் பிடித்து இவரை நிறுத்தியதும் அவள்தான்.

“இருட்டுல நீங்களும் நானும் ஒண்ணுதாங்க. எனக்குக் கொஞ்சம் சர்வீஸ் அதிகம்” என்று சொல்லிச் சிரித்தாள். மாதக்கணக்கில் அவள் சிரித்து அவர் கேட்கவில்லை. அந்த இருட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அவரும் சிரித்தார். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் நல்ல நாட்களை எண்ணச் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

பதினெட்டாம் மாடி வந்ததும் லிஃப்டில் கீழே வருவார்கள். மறுபடி ஏறுவார்கள். மறுபடி லிஃப்டில் கீழே. இதில் ஏதாவது தவறு இருக்கிறதா என்று அவரைக் கேட்டிருந்தால், தாளை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். இருபத்தொன்பது வருடமாக லிஃப்ட் நின்றுபோன ஒவ்வொரு தடவையும் அவருக்கு வந்த போன் ஒரே மாதிரிதான்: “எப்படிய்யா மேல ஏறுறது?” எப்படி இறங்குவது என்று ஒரு பிறவிகூடக் கேட்டதில்லை. மேலே மாட்டிக்கொண்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விடுவார்கள். ஏற்றம்தான் சிரமம், இறக்கம் தானாக நடப்பது என்று அவர் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது. வேறு தொழில் செய்கிறவன் யாராவது அந்தத் தாளை எழுதியிருந்தால் முப்பத்திரண்டாவது வரியில் கொஞ்சம் யோசித்திருப்பான்.

தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வந்த ஞாயிற்றுக்கிழமை, எட்டாவது தடவை மேலே போய்ச் சேர்ந்ததும் மோட்டார் அறையில் ஒரு சத்தம் கேட்டது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. இன்னொரு நூறு தடவைக்குத் தாங்கும், ஆனால் அவர் ஓட்டமாட்டார். சுவிட்சை அணைத்து, பலகையை மாட்டிவிட்டு, “வா, படியில இறங்கிரலாம். பெரிய படிக்கட்டுல போவோம், அங்க நல்ல வெளிச்சம்” என்றார்.

பெரிய படிக்கட்டில் ஆளுயர ஜன்னல்கள். மத்தியான வெயில் படியெல்லாம் கொட்டிக்கிடந்தது. அவர் நாலு படி இறங்கியிருப்பார். வார் இழுத்தது. திரும்பிப் பார்த்தார். அவள் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். முன்னால் நீட்டினாள். பின்னால் வைத்துக்கொண்டாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்லைங்க.”

“வா.”

மறுபடி காலை நீட்டினாள். வாரை அவள் பிடித்த பிடியில் அவருடைய பெல்ட் வயிற்றை அறுத்தது. அவர் மேலே ஏறிவந்து அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஏறும்போது படி வந்து என் காலைத் தொடுதுங்க” என்றாள். “இறங்கும்போது அங்க ஒண்ணுமே இல்லை.”

குனிந்து பார்த்தால் அந்தக் குழாய்க்குள் ஒரே ஒரு படியின் ஓரம் தெரியும். அது எவ்வளவு ஆழம், முதல் படியா, மூன்றாவதா என்று தெரியாது. அதைப் பார்ப்பதற்குள் சுவர் எங்கே என்று தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவள் அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். வயதான காலத்துப் பாசம் என்று அதை நினைத்து உள்ளுக்குள் பூரித்திருந்தார் மனுஷன்.

“முன்னாடியே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா, நீங்க யோசிக்க ஆரம்பிச்சிருவீங்க.”



முந்நூற்றுத் தொண்ணூற்றாறு படியையும் அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள். அவர் ஒரு படி கீழே உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்து அடுத்த படியில் வைத்தார். ஒன்பதாம் மாடியில், “சின்னப் பிள்ளையா இருந்தப்போ இதுக்குத்தான் அம்மாகிட்ட அடி வாங்கினேன்” என்றாள். அவர் சிரிக்கவில்லை. கீழே வந்து சேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. அவள் உடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிடக் குனிந்தபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் கூடுதலாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் தம்பியைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்.

“இதுல என்ன இருக்கு? இறங்கும்போது நான் அக்காவை முதுகுல தூக்கிக்கறேன். அக்கா நாப்பத்தெட்டு கிலோ. நான் தூக்காத மூட்டையா?” என்றான் தம்பி.

“ராத்திரியெல்லாம் ஏறின காலு மாப்ளே. கல்லுல வழுக்கினா ரெண்டு பேரும் போயிருவீங்க.”

“நீங்க முன்னாடி போங்க. நான் மெதுவா வரேன். ஒருநாள் ஆகட்டுமே. ரெண்டு நாள் ஆகட்டுமே.”

“குடில் பூட்டியிருக்கும். எங்க படுக்கறது?”

“கயிறு கட்டிக்கலாம்.”

இவர் தலையை ஆட்டினார். கயிறு, எடை, இழுவை எல்லாம் இவர் பிழைப்பு. தம்பி சொன்னதில் எத்தனை ஓட்டை என்று இவருக்குத் தெரியும். மறுநாள் மலை அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த குமாஸ்தா ஏற்கெனவே மூன்று தடவை பார்த்த முகம் என்பதால் பொறுமையாகவே சொன்னார்: “இப்ப மேல ஏதாவது ஆனா வந்து தூக்க ஆள் கிடையாது, சார். தேதியை ஏழு வாரம் தள்ளிப் போடுங்க. சீசன் திறந்ததும் குடில்ல படுக்கலாம், நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு இறக்கற ஆளுங்க இருப்பாங்க. கூட்டம் இருக்கும், ஆனா உயிருக்குப் பயமில்லை.”

அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. லிஃப்ட்காரர் மகளுக்குப் போன் செய்தார். அவளும், “ஏழு வாரம்தானேப்பா, ரிஸ்க் எடுக்காதீங்க” என்றாள். கண் டாக்டர் மட்டும், “அது உங்க முடிவு” என்று நிறுத்திக்கொண்டார். தம்பி முகத்துக்கு நேராகவே கத்திவிட்டுப் போனான்: “நீங்க எல்லாத்தையும் பத்திரமா வச்சு வச்சே கெடுத்திருவீங்க, மச்சான்.”

கடைசியாக மனைவியிடம் சொன்னார். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சீசன்ல போவோம். ஏழே வாரம். ஏற, இறங்க, எல்லாத்துக்கும் ஆள் இருக்கும்.”

துடைத்த தட்டையே மறுபடி ஒருமுறை துடைத்தாள். “சரி” என்றாள்.

திட்டமிட்ட தேதி வந்தது. அனுமதித் தாள் மேஜை இழுப்பறையில் இருந்தது. இரவு இரண்டு பேரும் வழக்கம்போலப் படுத்தார்கள். இரண்டு பேரும் தூங்கவில்லை, தூங்குவதுபோல் இருந்தார்கள். மறுநாள் வேலைக்குப் போய் மோட்டார் அறைக் கதவைத் திறந்தபோது, ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல் மலை பளிச்சென்று நின்றது. அப்படி ஒரு காலையை அந்த வருடத்தில் அவர் பார்த்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குத் தெரிந்த பிராயச்சித்தம் வேலைதான். புதுத் தாள் ஒட்டினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்டில் ஏறினார்கள், படியில் இறங்கினார்கள். குதிகாலைப் படியின் முதுகோடு உரசி இறக்குவது, எடையைப் பின்காலில் வைத்துக்கொண்டு முன்காலால் துழாவுவது, பாதி மாடிக்குப் பதினொன்று எண்ணியதும் நின்று திரும்புவது. முதல் வாரம் நாலு மாடிக்கே அவளுக்குக் கால் நடுங்கியது. மூன்றாவது வாரம் பத்து மாடி. நாற்காலியில் உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஏறுகிறவள் இறங்கவும் வேண்டும் என்றாள்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு மாடியையும் பதினான்கு நிமிடத்தில் இறங்கிவிட்டாள். எங்கும் தயங்கவில்லை. வார் ஒரு தடவைகூட இழுபடவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“அடேயப்பா! நானே உன்கூட ஓட முடியலை. எப்படி வந்துச்சு இந்த வேகம்?”

வாசல் கதவு முழுக்கக் கண்ணாடி. வெளியே வெயில் கொளுத்தியது. அவள் அதற்கு நேரெதிராக, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

“கதவு எந்தப் பக்கங்க?” என்றாள்.

லிஃப்ட்காரர் அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார்.

“ஒம்பது நாளாச்சு” என்றாள். “காலையில எந்திரிச்சுப் பார்த்தேன், இல்லை. கண்ணை நம்பிக்கிட்டிருந்த வரைக்கும்தாங்க காலு தடுமாறுச்சு. இப்ப அந்த வம்பே இல்லை.”

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். “பெரிய வெளிச்சம் வந்தா சில பேருக்கு ஒரு மாற்றம் தெரியும். தெரியும்னு சொல்லலை. தெரியலாம்” என்றார். அந்த ‘லாம்’ ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவர்கள் கிளம்பினார்கள். லிஃப்ட்காரர் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தார். “சூரியனை விடப் பெரிய வெளிச்சம் எதுங்க?” என்று அவள் கேட்டதும் மூடிக்கொண்டார்.

சீசன் திறந்த மூன்றாம் நாள் ஏறினார்கள். எல்லாம் அவர் பயந்தபடிதான். முன்னாலும் பின்னாலும் விளக்குகள், மேலே வானம் வரைக்கும் விளக்குகள். மேல்பங்கில் பாதை குறுகியதும் பின்னாலிருந்து ஒருவன், “நடங்கம்மா சீக்கிரம்” என்று அதட்டினான். தம்பி திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் இருபது படி பின்தங்கிவிட்டான். அவள் சளைக்கவில்லை. இடறினால் நின்றாள், மூச்சு வாங்கினால் நின்றாள். “இப்ப எத்தனையாவது தடவை?” என்று மட்டும் அவ்வப்போது கேட்டாள். அவர் கட்டடக் கணக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். பதினாறு. பத்தொன்பது. இருபத்தொன்று.

ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உச்சி. திட்டம் இம்மியும் பிசகவில்லை. காற்று காதை அறுத்தது. கிழக்கு விளிம்பில் ஜனம் மூன்று நான்கு வரிசையாக நின்றது. தம்பி தோளால் இடித்து வழி பண்ணி அக்காவை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். லிஃப்ட்காரர் அவள் தோளைப் பிடித்துக் கிழக்கே திருப்பிவிட்டார். அவள் தொப்பியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கண்களை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டாள். இமைத்தால் தவறிவிடுமோ என்பதுபோல நின்றாள்.

முதலில் ஒரு சிவப்புக் கோடு. பிறகு மேகத்தின் மேல்விளிம்பு பற்றிக்கொண்டது. பிறகு, வந்தேவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. ஆளுக்கு ஒரு செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள். லிஃப்ட்காரர் சூரியனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில், மூக்கில், திறந்திருந்த கண்களில் முழு வெளிச்சமும் விழுந்து கிடந்தது. இமை அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சூரியன் மேகத்தை விட்டு ஒரு சாண் மேலே ஏறியிருக்கும்.

“வந்துருச்சாங்க?” என்று கேட்டாள்.

இருபத்தேழு வருடமாக அவர் வாயில் பழகிய பதில்தான் வந்தது.

“இல்லை. இன்னும் கொஞ்ச நேரம்.”

அவள் வலது கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையைக் கிழக்கே நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு கையுறையை மாட்டினாள்.

“சரி” என்றாள்.